லேடெக்ஸா, ஸ்பிரிங்கா? மாரமங்கலத்துக்குப் போன மெத்தை

மெத்தைக் கடைக்குள் நுழைந்ததும் வருகிற முதல் கேள்வி, "பட்ஜெட் எவ்வளவு சார்?" இரண்டாவது கேள்வி, "லேடெக்ஸா, ஸ்பிரிங்கா?" முதல் கேள்விக்காவது பதில் தெரியும். இரண்டாவதைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் கூட வந்தவரின் முகத்தைப் பார்ப்பார்கள். நம் ஊரில் மெத்தை என்றால் இலவம்பஞ்சு. கொஞ்சம் வசதி வந்தால் தேங்காய் நார் மெத்தை. இரண்டும் இல்லாவிட்டால் பாய். (பாய் விற்பவர் யாரையும் இத்தனை கேள்வி கேட்டதில்லை!)

ஏற்காடு வட்டத்தில் மாரமங்கலம் என்று ஒரு மலைக்கிராமம். அந்தப் பக்கமெல்லாம் காபி, மிளகு, நிழலுக்கு சில்வர் ஓக் மரங்கள். அங்கே ஒரு வீட்டில் இந்தக் கேள்வி ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. மகனுக்கு சேலத்தில் வேலை கிடைத்து முதல் வருடம். அம்மா முப்பது வருடமாகக் காபிப் பழம் பறிப்பவர். நவம்பரில் தொடங்கினால் தை மாதம் தாண்டியும் அந்த வேலை இருக்கும். சரிவில் நின்றுகொண்டு, கிளையை வளைத்துப் பிடித்து, பழுத்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். சாயங்காலம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எடை போடும் இடத்துக்கு நடக்க வேண்டும். இடுப்பு என்ன இரும்பா?

காலையில் எழுந்திருப்பதுதான் அந்த அம்மாவுக்குப் பெரிய பாடு. சிமெண்ட் தரையில் ஒரு பாய், மேலே ஒரு ஜமக்காளம். விடிந்ததும் முதலில் ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, பிறகு மண்டியிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து நிற்க ஐந்து நிமிடம் ஆகும். மகன் லீவுக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டான். மெத்தை என்ற பேச்சு அன்றைக்குத்தான் வந்தது. அம்மாவின் பதில் ரெடியாக இருந்தது.

"எனக்கெதுக்கு கண்ணு மெத்த? போறப்ப கட்டிக்கிட்டா போகப்போறேன்?"

அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னது, முதுகு வலிக்குத் தரைதான் நல்லது என்று. தமிழ்நாட்டில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. சில டாக்டர்களே ரொம்ப காலம் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். "கெட்டியான பலகையில் படுங்கள்" என்பது உலகம் முழுக்க இருந்த அறிவுரை. அதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தது ஸ்பெயினில். நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கெட்டி மெத்தை, இன்னொரு குழுவுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை கொடுத்தார்கள். யாருக்கு எது என்று படுப்பவருக்கும் தெரியாது, விசாரிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. 90 நாள் கழித்துப் பார்த்தால், நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்குப் படுக்கும்போது வரும் வலியும் எழும்போது வரும் வலியும் மற்றவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தன. 2003-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இது. கவனிக்க வேண்டிய விஷயம், அவர்கள் சோதித்தது கெட்டித்தன்மையைத்தான். லேடெக்ஸ் நல்லதா, ஸ்பிரிங் நல்லதா என்று அந்த ஆய்வு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைக்காரர்கள் மட்டும்தான் சொல்கிறார்கள்.

சேலத்தில் பார்த்த டாக்டரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். எலும்பில் பெரிதாக ஒன்றும் இல்லை, தசைப்பிடிப்பு, இந்த இந்தப் பயிற்சி செய்யுங்கள், படுக்கை ரொம்பக் கெட்டியாகவும் வேண்டாம், ரொம்ப மெத்தென்றும் வேண்டாம். கூடவே இன்னொன்றும் சொன்னார்: தரையிலிருந்து எழுவதை முதலில் நிறுத்துங்கள். ஆக, பாதிப் பிரச்சினை கட்டிலோடு தீரும் விஷயம். இது யாருக்கும் அதுவரை தோன்றவில்லை!

சரி, மீதிப் பாதிக்கு வரலாம். வீட்டில் இரண்டு கட்சி. தாய்மாமன் ஸ்பிரிங் கட்சி. ஏற்காட்டில் ஒரு விடுதியில் வேலை பார்த்தவர், அங்கே அறைகளுக்கு வந்த மெத்தைகளைத் தன் கையால் தூக்கிப் போட்டவர். "ஸ்பிரிங்குதான்டா மாப்ள. ஓரத்துல உக்காந்தாலும் அமுங்காது" என்பது அவர் வாதம். மகன் லேடெக்ஸ் கட்சி. இணையத்தில் ஒரு மாதம் படித்ததன் பலன்.

ஸ்பிரிங் மெத்தையில் இரண்டு ஜாதி. பழையது போனெல். உடுக்கை மாதிரி நடுவில் சிறுத்த கம்பிச்சுருள்கள், எல்லாவற்றையும் ஒன்றோடொன்று மெல்லிய கம்பியால் பின்னியிருப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே புழக்கத்தில் இருப்பது. ஒரு மூலையில் ஆள் புரண்டால் மறு மூலையில் படுத்தவருக்குத் தெரியும். இரண்டாவது பாக்கெட் ஸ்பிரிங். ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப்பைக்குள் போட்டுத் தைப்பது. கனடாவில் வாழ்ந்த ஜேம்ஸ் மார்ஷல் என்ற பொறியாளர் 1900-ஐ ஒட்டிக் காப்புரிமை வாங்கிய யோசனை இது. ஒவ்வொரு சுருளும் தன் மேல் விழும் பாரத்துக்கு மட்டும் இறங்கும். இடுப்பு கனம், அங்கே அதிகம் இறங்கும். கால் லேசு, அங்கே கொஞ்சம்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் உடம்பு நேராகச் சுருளின் மேல் படுவதில்லை. சுருளுக்கு மேலே இரண்டு அங்குலமோ மூன்று அங்குலமோ நுரை இருக்கும். முதலில் பள்ளம் விழுவது அந்த நுரையில்தான். ஸ்பிரிங் பத்து வருடம் உழைக்கும் என்பது உண்மையாகவே இருந்தாலும், மேலே இருக்கும் நுரை நாலு வருடத்தில் அமுங்கிவிட்டால் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

லேடெக்ஸ் கதை வேறு. ரப்பர் மரத்துப் பால். தமிழ்நாட்டில் ரப்பர் என்றால் கன்னியாகுமரி மாவட்டம்தான், அரசு ரப்பர் கழகமே 1984-இல் அங்கேதான் தொடங்கியது. (சேர்வராயன் மலையில் காபி வரும், ரப்பர் வராது. அதற்கு வெப்பமும் தாழ்வான நிலமும் வேண்டும்.) மரத்திலிருந்து வடியும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான், மீதியில் பெரும்பகுதி தண்ணீர். இயந்திரத்தில் சுழற்றி நீரைப் பிரித்து 60 சதவீதத்துக்குக் கெட்டியாக்குவார்கள். அதோடு சோப்பு மாதிரி ஒரு பொருளும் கந்தகமும் சேர்த்து, கேக்குக்கு முட்டை அடிப்பதுபோல நுரை வர அடிப்பார்கள். அச்சில் ஊற்றி உறைய வைத்து, நீராவியில் வேகவைத்தால் லேடெக்ஸ் நுரை. இட்லி ஞாபகம் வந்தால் தப்பில்லை :-) இந்த முறையை 1929-இல் கொண்டுவந்தது இங்கிலாந்தின் டன்லப் நிறுவனம், டயர் செய்த அதே டன்லப். மெத்தையில் வரிசையாகத் துளைகள் தெரிகிறதே, அது காற்றுக்காக மட்டும் போட்டதல்ல. அச்சிலிருக்கும் ஊசிகளின் தடம். அந்த ஊசிகள் வழியாகத்தான் சூடு நடுப்பகுதிவரை போகிறது. பிற்பாடு வந்த தலாலே முறையில் நுரையை வெற்றிடத்தில் உப்ப வைத்து, உறைநிலைக்குக் குளிர்வித்து, அப்புறம் வேகவைப்பார்கள். மேலும் கீழும் ஒரே சீராக வரும், விலையும் அதற்கேற்ப ஏறும்.

ஒரு விஷயம் வேடிக்கையானது. நம் வீடுகளில் பல வருடமாகக் கிடக்கும் தேங்காய் நார் மெத்தையும் பாதி லேடெக்ஸ் கதைதான். முறுக்கி விரித்த நாரின் மேல் ரப்பர் பாலைத் தெளித்து ஒட்டவைத்துத்தான் அதைச் செய்கிறார்கள். லேடெக்ஸ் என்ற சொல் புதிது, ரப்பர் பால் நம்மோடு ரொம்ப நாளாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

மாரமங்கலம் என்று வரும்போது கணக்கு கொஞ்சம் மாறுகிறது. சேலத்தில் லேடெக்ஸ் மேல் சொல்லப்படும் முதல் புகார், சூடு. உடம்போடு ஒட்டி இறங்குவதால் காற்று குறைவு, சித்திரை வெயிலில் முதுகு வேர்க்கும் என்பார்கள். ஸ்பிரிங்கின் உள்ளே வெறும் காற்றுதான், அது குளிர்ச்சி. மலைமேல் இந்தப் புகார் அப்படியே தலைகீழ். மார்கழி இரவில் சிமெண்ட் தரையின் சில்லிப்பு ஜமக்காளத்தைத் தாண்டி எலும்புவரை வரும் ஊரில், சூட்டைப் பிடித்து வைக்கும் படுக்கையை யார் குறை சொல்வார்கள்? மெமரி ஃபோம் என்று விற்கிறார்களே, அது குளிரில் கெட்டியாகிவிடும். லேடெக்ஸ் அவ்வளவாக மாறாது.

இன்னொன்று ஈரம். மழை மாதங்களில் மூடுபனி ஜன்னல் வழியே வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். துவைத்த துணி மூன்று நாள் காயாது. ஸ்பிரிங் இரும்புக் கம்பி. நல்ல கம்பி உடனே துருப்பிடிக்காதுதான், ஆனால் பிடித்தால் வெளியே தெரியாது. மெத்தையைக் கிழித்துப் பார்க்கவா முடியும்? லேடெக்ஸில் பூஞ்சையும் தூசிப்பூச்சியும் மற்றவற்றைவிடக் குறைவு. ஆனால் ‘வரவே வராது’ என்று விற்பவர்கள் சொல்வது அதிகப்படி. காற்றுப்படாத பலகைமேல் போட்டால் எந்த மெத்தைக்கும் அடியில் கறுப்புப் புள்ளி வரும். அதனால் சட்டம் சட்டமாக இடைவெளி விட்ட கட்டில் வேண்டும் என்று முடிவாயிற்று. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள், அதாவது ரப்பர் கையுறை போட்டால் தடிப்பு வருகிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் லேடெக்ஸ் பக்கம் போக வேண்டாம். அந்த வீட்டில் யாருக்கும் அது இல்லை.

இத்தனையும் தாளில் எழுதிக்கொண்டு மகன் தனியாகக் கடை கடையாக ஏறினான். ‘மீடியம் ஃபர்ம்’ என்று எழுதிய லேடெக்ஸ் மெத்தையில் படுத்தான். சொர்க்கம்! அதே எழுத்து உள்ள பாக்கெட் ஸ்பிரிங்கில் படுத்தான். அதுவும் சொர்க்கம். எதையாவது வாங்கிவிடலாம் என்று நினைத்த நேரத்தில் ஒரு கடையிலிருந்த வயதான பணியாளர் கேட்டார்.

"தம்பி, படுக்கப்போறது நீங்களா?"

"இல்லைங்க, அம்மாவுக்கு."

"அம்மா எவ்வளவு வெயிட் இருப்பாங்க?"

நாற்பத்திரண்டு கிலோ. மகன் எழுபத்தைந்து.

இந்த இடத்தில்தான் மொத்த விவாதமும் கவிழ்ந்தது. மெத்தையின் கெட்டி மெத்தையில் மட்டும் இல்லை, படுப்பவரின் எடையிலும் இருக்கிறது. எழுபத்தைந்து கிலோ ஆள் படுத்தால் இரண்டு அங்குலம் இறங்குகிற நுரை, நாற்பத்திரண்டு கிலோவுக்கு அதில் பாதிதான் இறங்கும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ளே போனால்தான் முதுகெலும்பு நேராக நிற்கும். போகாவிட்டால் தோள் மரத்துப்போகும், இடுப்பு தொங்கும். மகனுக்கு நடுத்தரமாக இருந்த மெத்தை அம்மாவுக்குப் பலகை. லேபிளில் ‘மீடியம் ஃபர்ம்’ என்று எழுதியவர் யாருடைய உடம்பை மனதில் வைத்து எழுதினாரோ தெரியாது, காபிப் பழம் பறிக்கும் ஒரு மலையூர் அம்மாவின் உடம்பை வைத்து எழுதியிருக்க மாட்டார். ஸ்பெயின் ஆய்வின் ‘நடுத்தரம்’ என்பதையும் இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே அம்மாவைக் கூட்டிவர வேண்டும். அது சாதாரண வேலையா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமன் துணைக்கு வர, மலையிறங்கி சேலம் ஐந்து ரோடு பக்கம் வந்து சேர்ந்தார்கள். கடைக்குள் வந்த அம்மா செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டார். விலைச் சீட்டைப் பார்த்தார். அந்த ஒற்றைக் கட்டில் லேடெக்ஸின் விலையில் நார் மெத்தை மூன்று வாங்கலாம். முகம் சுருங்கிவிட்டது. மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தார், பலாப்பழம் பழுத்ததா என்று பார்ப்பதுபோல. "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"ஒரு தடவ படுத்துப் பாரும்மா."

"போடா... இத்தன பேர் முன்னாடி."

கடைகளில் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள் என்று எல்லாக் கட்டுரையும் சொல்கிறது. முன்பின் தெரியாத ஆண்கள் நடமாடும் இடத்தில், கண்ணாடிக் கதவு வழியே தெருவே பார்க்க, ஒரு கிராமத்துப் பெண் எப்படிப் படுப்பார் என்று எந்தக் கட்டுரையும் யோசிப்பதில்லை. நம் ஊர் வீடுகளில் பாதிக்கு மேல் மெத்தையை ஆண்கள் படுத்துப் பார்த்து வாங்குகிறார்கள், பெண்கள் கையால் அழுத்திப் பார்த்து ஒப்புக்கொள்கிறார்கள் என்று சந்தேகப்பட நியாயம் இருக்கிறது.

அங்கே கணக்கு எழுதும் ஒரு பெண் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார் போல. எழுந்து வந்து, "அம்மா, மாடியில யாரும் இல்ல. நான் கூட இருக்கேன், வாங்க" என்று கூட்டிப்போனார். மகனையும் மாமனையும் கீழேயே நிற்கச் சொல்லிவிட்டார்.

கால் மணி நேரம். மேலே என்ன நடந்தது என்பதைப் பிறகு அம்மாவே சொன்னார். முதலில் மாமன் சொன்ன பாக்கெட் ஸ்பிரிங்கில் படுத்தார். மல்லாந்து படுத்தபோது இடுப்புக்கு அடியில் அந்தப் பெண் கையை விட்டுப் பார்த்தார். கை தாராளமாகப் போய் வந்தது. அப்படியென்றால் இந்த உடம்புக்கு அது கெட்டி. அடுத்து, மகன் தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஆறு அங்குல லேடெக்ஸ். அதிலும் தோள் அழுத்தியது. மூன்றாவதாக அதே கடையில் இன்னொரு லேடெக்ஸ், ஐந்து அங்குலம், ஒரு படி மென்மை. ஒருக்களித்ததும் தோள் உள்ளே போனது, இடுப்பு தொங்கவில்லை. கை நுழைந்தது, ஆனால் உரசிக்கொண்டு நுழைந்தது. "இதுல வலிக்கல" என்று மட்டும் சொன்னாராம். உயரத்துக்கும் அதே பெண்தான் ஒரு வழி சொன்னார்: மெத்தையோடு சேர்த்துக் கட்டில் முழங்கால் உயரம் இருக்கட்டும், உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியட்டும். ஓரம் அமுங்குமே என்ற மாமனின் கவலை நியாயமானது, லேடெக்ஸின் ஓரம் ஸ்பிரிங் அளவுக்கு நிற்காது. ஆனால் நாற்பத்திரண்டு கிலோவுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. மாமன் எடைக்கு என்றால் பொருட்டுதான்!

பணம் கட்டும் முன் மகன் ஒரு வேலை செய்தான். மெத்தையை எடை போடச் சொன்னான். லேடெக்ஸ் என்ற பெயரில் மேலே ஒரு அங்குலம் லேடெக்ஸும் அடியில் சாதாரண ஃபோமும் வைத்து விற்பது உண்டு. ஆறடிக்கு மூன்றடி, ஐந்து அங்குலம், முழுக்க லேடெக்ஸ் என்றால் சுமார் 16, 17 கிலோ இருக்கும். அதே அளவு சாதாரண ஃபோம் ஆறேழு கிலோவைத் தாண்டாது. தராசு பதினாறரை காட்டியது. உறையின் ஜிப்பைத் திறந்தும் பார்த்தான், மேலிருந்து கீழ்வரை ஒரே துளை.

அந்தப் பதினாறரை கிலோ சுருட்டிக் கட்டிய நிலையில் மலையேறியது. தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து வீடுவரை மாமனும் மகனும் தோளில் தூக்கிப் போனார்கள். லேடெக்ஸைத் தூக்குவது செத்த பாம்பைத் தூக்குவது மாதிரி, நடுவில் வளைந்து வளைந்து நழுவும். ஸ்பிரிங்காக இருந்தால் பலகை மாதிரி நிமிர்ந்து வந்திருக்கும் என்று மாமன் வழி நெடுக நினைவூட்டிக்கொண்டே வந்தார்.

இடுப்பு வலி போய்விட்டதா என்றால், இல்லை. பறிப்பு நாட்களில் சாயங்காலம் வலிக்கத்தான் செய்கிறது, எந்த மெத்தையும் மூட்டையைச் சுமக்கப்போவதில்லை. ஆனால் காலையில் சுவரைப் பிடிக்கும் வேலை நின்றது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதத்தை ஊன்றி, எழுந்துவிடுகிறார்.

புதுச் சண்டை ஒன்று முளைத்தது. கடையில் போட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் உறையைக் கழற்ற அம்மா விடவில்லை. ரிமோட்டுக்கே உறை போடும் நாட்டில் இத்தனை விலை கொடுத்த மெத்தைக்கு வேண்டாமா? மகன் போனில் எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துப் படுக்கை விரிப்பை உதறியபோது பிளாஸ்டிக்கின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். அன்றைக்கே அவரே கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு பழைய நூல் புடவையைச் சேர்த்துத் தைத்து உறை போட்டார். அதோடு விட்டாரா? ஈரம் போகட்டும் என்று மெத்தையை முற்றத்து வெயிலுக்கு இழுக்கப் பார்த்தார். இலவம்பஞ்சுக்கு வெயில் மருந்து, லேடெக்ஸுக்கு வெயில் விஷம். நேர் வெயில் பட்டால் ரப்பர் மஞ்சளாகி, பொடிப்பொடியாக உதிரத் தொடங்கும். நல்லவேளை, ஒற்றை ஆளாக இழுக்க முடியாமல் மகனுக்குப் போன் போட்டார். நிழலில், ஜன்னல் பக்கம், நிமிர்த்திச் சாய்த்து வைத்தால் போதும் என்று அவன் சொன்னான். இப்போது மாதம் ஒரு தடவை அப்படித்தான் நடக்கிறது. மெத்தை ஜன்னலோரம் நிற்கும் அந்த மதியங்களில் அம்மாவுக்குப் பாய்தான்.